காற்றுக்குத் தைத்த சட்டை

உங்கள் ஏரியாவிலும் ஒருத்தன் இருப்பான். மொபைல் கடை வாசலிலோ, புதிதாகத் திறந்த பர்னிச்சர் ஷோரூம் வாசலிலோ, பதினைந்து இருபது அடி உயரத்தில், சிவப்பு உடம்பும் மஞ்சள் கையுமாகக் காலையிலிருந்து ராத்திரி வரை ஆடிக்கொண்டே இருப்பான். சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, இன்க்ரிமென்ட் கிடையாது. ஆனாலும் முகத்தில் சிரிப்பு மாறாது. நம் ஆபீஸில் இப்படி ஒருத்தர் கிடைத்தால் மேனேஜர் கண்ணில் ஒற்றிக்கொள்வார்!

அப்பா அவனை முதன்முதலில் பார்த்தது 2018-ல், வேளச்சேரியில். கும்பகோணம் பக்கத்துக் கிராமத்திலிருந்து என்னைப் பார்க்க வந்திருந்தார். வயது எழுபது. ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தோம். திடீரென்று டிரைவர் தோளைத் தட்டி, “நிறுத்துப்பா, நிறுத்துப்பா” என்றார். யாரோ அடிபட்டு விட்டார்கள் என்று டிரைவரும் பதறி நிறுத்தினார்.

அப்பா இறங்கிப் போய், ஆடிக்கொண்டிருந்தவனை அண்ணாந்து பார்த்தார். இரண்டு நிமிஷம் பேச்சில்லை. அப்புறம் திரும்பி, “தம்பி, இது நம்ம தொம்பைடா! கை முளைச்சிருக்கு, அவ்வளவுதான்” என்றார்.

தஞ்சாவூர்க்காரர்களுக்குத் தொம்பை தெரியும். மற்றவர்களுக்காக ஒரு வரி. தேர்த் திருவிழாவில் தேரைச் சுற்றி, தலையணை உறையை நீட்டி விட்ட மாதிரி உருளை உருளையாகத் துணி தொங்கும். சிவப்பு, மஞ்சள், வெள்ளை, பச்சை என்று துணி வெட்டி, யாளி, தாமரை என்று ஒட்டுத் தையல் போட்டிருப்பார்கள். தேர் அசைந்தால் அதுவும் அசையும். காற்று உள்ளே புகுந்தால் உப்பும், சுருங்கும், மறுபடி உப்பும். சின்ன வயதில் தேர் மூச்சு விடுகிறது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு அது இவ்வளவு நுணுக்கமாகத் தெரிவதற்குக் காரணம் உண்டு. என் அப்பா டெய்லர். வருஷம் பூரா ஜாக்கெட், பள்ளிக்கூட யூனிஃபார்ம். தேர் சமயத்தில் மட்டும் பத்து நாள் தொம்பை. இந்த விஷயத்தை நான் ரொம்பப் பேரிடம் சொன்னதில்லை. இன்ஜினீயரிங் காலேஜ் அப்ளிகேஷனில் ‘தந்தையின் தொழில்’ என்ற இடத்தில் ‘பிசினஸ்’ என்று எழுதினவன் நான். ஃபாரத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவ்வளவுதான்.

அன்றைக்கு வேளச்சேரியிலும் என் கவனமெல்லாம், ஆபீஸ்காரர்கள் யாராவது பார்த்துத் தொலைக்கப் போகிறார்களே என்பதில்தான் இருந்தது. “வாங்கப்பா, மீட்டர் ஓடுது” என்று இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். மெட்ராஸ் ஆட்டோவில் மீட்டர் ஓடுகிறது என்று பொய் சொன்ன ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

★ ★ ★

அடுத்த வருஷமே ஆபீஸில் என்னை ஆறு மாசம் ஆன்ஸைட் அனுப்பினார்கள். நியூஜெர்ஸியில் ஜாகை. ஒரு ஃபிளாட்டில் நாலு பேர், ஒரே குக்கர், ஐந்து அபிப்ராயங்கள். நவம்பர் கடைசியில் தாங்க்ஸ்கிவிங் லீவு. அமெரிக்கர்களெல்லாம் அம்மா வீட்டுக்கு வான்கோழி சாப்பிடப் போய்விடுவார்கள். நாம்தான் என்ன செய்வதென்று தெரியாமல் துணி துவைத்துக்கொண்டிருப்போம். அப்போது நாமக்கல் நண்பர் ஒருவர் சொன்னார்:

“பாஸ், நாளைக்கு நடக்கிற மேஸிஸ் ஊர்வலத்தை எல்லாரும் டி.வி.யில பார்ப்பாங்க. இன்னிக்கு சாயங்காலம் பலூனுக்குக் காத்து அடிக்கிறதைப் போய்ப் பாருங்க. அதுதான் தமாஷ்.”

காற்றடிப்பதில் என்ன தமாஷ்? சைக்கிள் கடையில் பார்க்காததா? இருந்தாலும் வீட்டில் இருந்தால் அன்றைக்குப் பாத்திரம் கழுவுவது என் முறை. கிளம்பிவிட்டேன்.

2019, நவம்பர் 27, புதன்கிழமை. மன்ஹாட்டனில் சென்ட்ரல் பார்க்குக்கு மேற்கே, இயற்கை வரலாற்று மியூசியம் இருக்கிறது. டைனோசர் எலும்பெல்லாம் வைத்திருக்கிறார்களே, அதேதான். அதன் இரண்டு பக்கமும் 77-வது தெரு, 81-வது தெரு. ஊர்வலத்துக்கு முதல் நாள் அந்த இரண்டு தெருவையும் அடைத்து, ராட்சச பலூன்களுக்கு அங்கேதான் காற்றடிப்பார்கள். நான் போனபோது க்யூ அனுமார் வால். திருப்பதி தர்ம தரிசனத்தில் பழகினவனுக்கு அதெல்லாம் ஒரு க்யூவா? முண்டாமல், முனகாமல் நகர்ந்தேன். குளிர் மட்டும் பற்களைத் தந்தி அடிக்க வைத்தது. காற்று வேறு.

உள்ளே போனதும் முதலில் பார்த்தது ஒரு பிணம் மாதிரி இருந்தது. உண்மையாகத்தான் சொல்கிறேன். தார்ரோட்டில் பெரிய விரிப்பு. அதன்மேல் ஒரு மலைத் துணி, குப்புறக் கிடந்தது. மேலே வலை போட்டு, ஓரமெல்லாம் மணல் மூட்டை வைத்து அழுத்தியிருந்தார்கள். பக்கத்தில் ஹீலியம் லாரி. தடித்தடியான குழாய்கள். ‘உஸ்ஸ்...’ என்று விடாத சத்தம்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் துணிக்கு நடுவில் ஒரு மேடு எழும்பியது. போர்வைக்குள் தூங்குகிற குழந்தை முட்டி மடக்குகிற மாதிரி. மேடு இடம் மாறியது. இன்னொரு மேடு. ஒரு பக்கம் லேசாக உருண்டது. என் பக்கத்தில் அப்பா தோளில் உட்கார்ந்திருந்த ஒரு பொடியன் கத்தினான்: “மூக்கு! மூக்கு!”

ஆமாம், மூக்குதான். வலையைத் தூக்கிக்கொண்டு, பெரிய உருண்டை மூக்கு ஒன்று அண்ணாந்து எழுந்தது. ஸ்னூப்பி! ‘பீனட்ஸ்’ கார்ட்டூனில் வருகிற நாய். 1968-லிருந்து அந்த ஊர்வலத்தில் பல அவதாரங்கள் எடுத்திருக்கிறது. 2019, மனிதன் நிலாவில் இறங்கி ஐம்பது வருஷம் ஆனதால், அந்தத் தடவை விண்வெளி வீரர் டிரெஸ். கூட்டம் கை தட்டியது. நானும் தட்டினேன். அரை மணிக்கு முன்னால் வெறும் துணி. இப்போது அது எங்களைப் பார்த்துச் சிரிக்கிறது. வலைக்குள் மாட்டிக்கொண்டு, “என்னை விடுங்களேன்” என்று கெஞ்சுகிற மாதிரியும் இருந்தது.

எனக்கு ஏனோ தொண்டையை அடைத்தது. குளிர் என்று நினைத்துக்கொண்டேன்.

★ ★ ★

இந்தக் கூத்தின் கதை சுவாரஸ்யமானது. மேஸிஸ் கடைக்காரர்கள் இந்த ஊர்வலத்தை ஆரம்பித்தது 1924-ல். அப்போது பலூன் கிடையாது. மிருகக்காட்சி சாலையிலிருந்து நிஜ மிருகங்களைக் கடன் வாங்கி நடக்க விட்டார்கள். 1927-ல்தான் பலூன் வந்தது. அதற்குக் காரணம் டோனி சார்க் என்கிற பொம்மலாட்டக்காரர்.

அவர் யோசனை ரொம்ப எளிமை. பொம்மலாட்டத்தில் பொம்மை கீழே, ஆட்டுகிறவர் மேலே, நடுவில் நூல். இதைத் தலைகீழாகத் திருப்பினால்? பொம்மை மேலே, நூல் கீழே, ஆட்டுகிறவர்கள் தெருவில்! அவ்வளவுதான். அக்ரான் நகரத்தில் இருந்த குட்இயர் ரப்பர் கம்பெனி பலூனைச் செய்து கொடுத்தது. ‘ஃபெலிக்ஸ்’ பூனை தெருவில் நடந்தது.

அடுத்த வருஷம் ஹீலியம் அடைத்தார்கள். ஊர்வலம் முடிந்ததும் இந்தப் பூதங்களை என்ன செய்வது? “போய் வா” என்று ஆகாசத்தில் விட்டுவிட்டார்கள்! எங்கே போய் விழுகிறதோ, கண்டெடுத்துக் கொண்டு வருகிறவர்களுக்குப் பரிசு. நம் ஊரில் இந்தத் திட்டத்தை அறிவித்தால் ஒரு பலூனுக்கு நாற்பது பேர் நாற்பது துண்டோடு வந்து நிற்பார்கள். 1932-ல் விமானம் ஓட்டப் பழகிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி, பறந்துகொண்டிருந்த பூனை பலூன்மேல் விமானத்தோடு மோத, துணி இறக்கையில் சுற்றிக்கொண்டது. பயிற்சியாளர் கூட இருந்ததால் உயிர் தப்பினார். அத்தோடு அந்த விளையாட்டை நிறுத்தினார்கள்.

இரண்டாம் உலக யுத்தத்தின்போது 1942 முதல் 1944 வரை ஊர்வலமே இல்லை. பலூன் ரப்பரை யுத்தத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். 1958-ல் ஹீலியம் தட்டுப்பாடு. சாதாரணக் காற்றை அடைத்து, கிரேனில் கட்டித் தொங்கவிட்டு இழுத்துப் போனார்கள். 1971-ல் காற்று பலமாக இருந்ததால் ஒரு பலூன்கூடப் பறக்கவில்லை.

காற்றில்தான் பிழைப்பு, காற்றுதான் எமன்! 1997-ல் அப்படித்தான் ஆயிற்று. பேய்க்காற்றில் தொப்பி போட்ட பூனை பலூன் ஒன்று விளக்குக் கம்பத்தில் மோதி, கம்பத்தின் ஒரு பகுதி முறிந்து விழுந்தது. வேடிக்கை பார்த்த ஒரு பெண்ணுக்குத் தலையில் பலத்த அடி. பல நாள் நினைவில்லாமல் கிடந்தார். அதற்கப்புறம் சட்டம் வந்தது. காற்று மணிக்கு 23 மைலுக்கு மேல் நிலையாக அடித்தாலோ, 34 மைலுக்கு மேல் வீசி வீசி அடித்தாலோ பலூன் கிளம்பக் கூடாது.

நான் போன அன்றைக்கும் எல்லார் வாயிலும் அந்தப் பேச்சுதான். பாரிகேட் அருகே நின்ற போலீஸ்காரர் அண்ணாந்து மரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மழை வருமா என்று நம் ஊர் கல்யாணத்தில் பெண்ணைப் பெற்றவர் வானத்தைப் பார்ப்பாரே, அதே முகம்.

★ ★ ★

ஆறு மணி இருக்கும். இந்தியாவில் விடியற்காலை நாலரை. அப்பா எழுந்து பல் தேய்க்கிற நேரம். எதற்கு என்று யோசிக்காமலே வாட்ஸ்அப்பில் வீடியோ கால் போட்டேன். அப்பா பயந்துபோய் எடுத்தார்.

“என்னடா, உடம்புக்கு என்ன?”

“ஒண்ணுமில்லப்பா. இதைப் பாருங்க.” போனைத் திருப்பிக் காட்டினேன்.

ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். அப்பா கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். போட்டுக்கொண்டு, திரைக்கு ரொம்பப் பக்கத்தில் வந்தார். அவர் நெற்றி மட்டும்தான் தெரிந்தது.

“அந்த மூக்குக்கிட்ட கொண்டு போடா.”

கொண்டு போனேன்.

“பார்த்தியா, எத்தனை துண்டு வெட்டியிருக்கான்! ஆரஞ்சு சுளை மாதிரி. தட்டைத் துணி உருண்டையாகணும்னா அப்படித்தான் வெட்டணும். ஜாக்கெட்டுக்கு டார்ட் பிடிக்கிறோமே, அதுதான். இவன் கழுத்துகிட்ட நல்லா வாங்கியிருக்கான். சுருக்கமே இல்லை.” அப்புறம் ஒரு சந்தேகம். “ஏம்ப்பா, தைச்சா ஊசி போன இடமெல்லாம் ஓட்டை இருக்குமே? காத்து எப்படி நிக்குது?”

யோசித்துப் பாருங்கள். ஆயிரக்கணக்கான பேர் அந்தத் தெருவில் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கும் சேர்த்து, யாருக்கும் அந்தக் கேள்வி வரவில்லை.

பிறகு படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். ஊர்வல பலூன்களைச் செய்கிற பட்டறை நியூஜெர்ஸியிலேயே இருக்கிறது. முதலில் படம் வரைகிறார்கள். பிறகு களிமண்ணில் சின்ன பொம்மை. அதை அளவெடுத்துப் பெரிதாக்கி, துணியை வெட்டுகிறார்கள். நம் டெய்லர் உடம்பை அளந்து துணியை வெட்டுகிற அதே முறை. ஆனால் தையல் கிடையாது. பாலியூரித்தேன் பூசிய துணியின் விளிம்புகளைச் சூடுபடுத்தி ஒட்டிவிடுகிறார்கள். உள்ளே தனித்தனி அறைகள். ஓர் அறை கிழிந்தாலும் மற்றவை தாங்கும்.

அப்பாவிடம் இதைச் சொன்னதும், “ஒட்டுதானா?” என்றார். குரலில் ஒரு சின்ன ஏமாற்றம். “சரி, வெட்டினவன் கெட்டிக்காரன்.”

ஸ்னூப்பியைத் தாண்டிப் போனால் புள்ளி புள்ளியாக ஒரு பலூன் கிடந்தது. முகம் ஒன்று, அதைச் சுற்றி நீட்டு நீட்டாகக் கைகள். கார்ட்டூன் இல்லை. யாயோய் குசாமா என்ற ஜப்பானியப் பெண் ஓவியரின் படைப்பு. கடைக்காரர்கள் சில வருஷங்களில் கலைஞர்களையும் அழைத்து பலூன் செய்யச் சொல்வதுண்டு. குசாமா 1929-ல் பிறந்தவர். வாலிபத்தில் நியூயார்க் வந்து வறுமையில் கிடந்தார். 1962-ல் ஒரு பழைய நாற்காலியை எடுத்து, துணியில் பஞ்சடைத்த முளைகளைக் கை வலிக்க வலிக்கத் தைத்து அதன்மேல் மூடினார். மனதில் எதைக் கண்டு பயமோ, அதையே நூற்றுக்கணக்கில் தைத்துத் தள்ளினால் பயம் போய்விடும் என்பது அவர் கண்ட வைத்தியம். 1977-லிருந்து டோக்கியோவில் ஒரு மனநல மருத்துவமனையில் தானாகவே விரும்பித் தங்கி, பக்கத்திலேயே ஸ்டூடியோ வைத்து வேலை செய்தவர். அப்படிப்பட்டவரின் பலூனுக்குப் பெயர் ‘அன்பு ஆகாசத்துக்குப் பறக்கிறது’.

அதே 1962-ல், அதே நியூயார்க்கில், க்ளேஸ் ஓல்டன்பர்க் என்ற சிற்பி ஒரு காரியம் செய்தார். சிற்பம் என்றால் கல், வெண்கலம் என்றிருந்த காலத்தில், துணிக்குள் ஸ்பாஞ்சும் அட்டைப் பெட்டியும் அடைத்து, ஒன்பதடி நீளத்துக்கு ஒரு கேக் துண்டைச் செய்து காலரியில் தரையில் வைத்தார். கூடவே ஒரு ராட்சச ஹாம்பர்கர். தொட்டால் அமுங்குகிற சிற்பம்! ஓல்டன்பர்க் உலகப் பிரசித்தி பெற்றார். அந்த கேக்கும், குசாமாவின் நாற்காலியும் இன்றைக்கு நியூயார்க் நவீனக் கலை மியூசியத்தின் சொத்து.

அந்த கேக்கைத் தைத்தது யார் தெரியுமா? அவர் மனைவி பாட்டி. தையல் மிஷினில் உட்கார்ந்து மலை மலையாகக் கான்வாஸைத் தைத்துப் புரட்டியவர் அந்த அம்மாள்தான்.

இதையும் அப்பாவிடம் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: “அந்தம்மா பேரு போட்டிருக்கா?”

‘பிசினஸ்’ என்று எழுதின கை இது. என்ன பதில் சொல்வது? “சிக்னல் சரியில்லப்பா, அப்புறம் பேசறேன்” என்று வைத்துவிட்டேன். நியூயார்க்கில் அன்றைக்கு சிக்னல் பிரமாதமாக இருந்தது.

★ ★ ★

மறுநாள் காலை, சென்ட்ரல் பார்க் ஓரம் இரண்டு ஸ்வெட்டருக்குள் நான். பலூன் கிளம்புமா, கிளம்பாதா? கடைசி நேரத்தில் அனுமதி கிடைத்தது. ஆனால் ஒரு நிபந்தனை. தாழ்வாகத்தான் பறக்க வேண்டும்.

வந்தது பாருங்கள்! இரண்டு பக்கமும் மாடிக் கட்டடங்கள், நடுவில் மலையாக ஸ்னூப்பி. ஒரு பெரிய பலூனுக்குத் தொண்ணூறு பேர்வரை கயிறு பிடிக்கிறார்கள். கடை ஊழியர்களும் அவர்கள் நண்பர்களும். எல்லாரும் வாலண்டியர்கள். குறைந்தது 120 பவுண்டு எடை இருக்க வேண்டும், அதாவது 54 கிலோ. என் எடை 52. அமெரிக்காவில் ஒல்லிப்பிச்சானுக்குக் கயிறு பிடிக்கிற வேலைகூடக் கிடைக்காது.

எல்லாருக்கும் முன்னால் ஒருத்தர் பின்பக்கமாக நடந்து வருகிறார். அவருக்குப் பெயர் பைலட். இரண்டரை மைல் தூரமும் அப்படியேதான். பலூனைவிட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. விசில் ஊதுகிறார், கையைக் காட்டுகிறார். தொண்ணூறு பேரும் கயிறை விடுகிறார்கள், இழுக்கிறார்கள். தேருக்கு முன்னால் வடத்தைப் பார்த்துக்கொண்டே பின்னால் நடக்கிற பெரியவர்களை எனக்குத் தெரியும். ஒரு வித்தியாசம். நம் தேரை நகர்த்தத்தான் வடம். இங்கே, பறந்து போய்விடாமல் பிடித்துக்கொள்ள!

கட்டடங்களுக்கு இடையில் ஒரு குறுக்குத் தெரு வந்தது. அங்கிருந்து காற்று பாய்ந்தது. ஸ்னூப்பி ஒரு பக்கம் சாய்ந்தது. கூட்டம் “ஓ...” என்றது. கயிறு பிடித்த ஒரு நடுத்தர வயது அம்மாள் ரோட்டில் இரண்டடி சறுக்கிப் போனார். பக்கத்திலிருந்தவர் அவர் இடுப்புப் பட்டையைப் பிடித்தார். பைலட் விசில் அலறியது. எல்லாருமாக இழுத்து நிமிர்த்தினார்கள். ஸ்னூப்பி ஒன்றும் நடக்காத மாதிரி சிரித்துக்கொண்டே போயிற்று. அந்த அம்மாளின் முகம் மட்டும் வெளுத்திருந்தது. இருந்தாலும் கயிறை விடவில்லை.

மேலே சிரிக்கிறவனை எல்லாரும் படம் எடுத்தார்கள். கீழே பிடித்துக்கொண்டிருந்தவர்களை யாரும் எடுக்கவில்லை. நான் அந்த அம்மாளை ஒரு படம் எடுத்தேன். ஆடிப்போன படம்தான். இன்னும் அழிக்கவில்லை.

ராத்திரி நியூஸில் சொன்னார்கள், ஒரு கோமாளி பலூன் கிழிந்து, கால் தொங்கிப்போய், பாதி வழியில் ஊர்வலத்திலிருந்து விலக்கப்பட்டதாம். இந்தத் தடவை சாக்குச் சொல்லாமல் அப்பாவுக்கு போன் போட்டேன்.

“கால்லயா? ஒட்டினது விட்டிருக்கும். நான் அப்பவே நினைச்சேன்” என்றார். அவ்வளவு சந்தோஷமாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

★ ★ ★

ஷோரூம் வாசல் ஆட்டக்காரனுக்கு வருவோம். அவனும் சாதாரண ஆள் இல்லை, ஒலிம்பிக்ஸ் ஆட்டக்காரன். டிரினிடாட் தீவில் கார்னிவல் ஊர்வலங்களுக்குப் பிரம்மாண்டமான ஆட்ட உடைகள் செய்த கலைஞர் பீட்டர் மின்ஷல். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்ஸ் தொடக்க விழாவுக்கு, தன் ஊர்க்காரர்கள் இடுப்பை ஒடித்து ஆடுகிற மாதிரி பெரிய துணி மனிதர்கள் ஆட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. காற்றுக் குழாய் வித்தையில் கெட்டிக்காரரான இஸ்ரேல் நாட்டுக் கலைஞர் டோரன் காசிட்டைக் கூட்டுச் சேர்த்தார். பிறந்தான் நம் ஆள். அப்போது அவனுக்கு இரண்டு கால், காலுக்கு ஒரு ஃபேன்! அப்புறம் வியாபாரத்துக்கு வந்து ஒற்றைக் காலாகிவிட்டான். அமெரிக்காவில் கார் விற்கிறான், வயலில் பறவைகளை விரட்டுகிறான். கண்ணை உறுத்துகிறது என்று ஹூஸ்டன் நகரத்தில் ஒரு சமயம் தடையே போட்டார்கள்.

அவன் ஆட்டத்தின் ரகசியம் இது. கீழே ஃபேன் காற்றைத் தள்ளுகிறது. உடம்பு நிமிர்கிறது. தலையிலும் கை நுனியிலும் ஓட்டை. காற்று வெளியேறியதும் உடம்பு தளர்ந்து எங்கேயோ மடிகிறது. மடிந்த இடத்தில் காற்று அடைபட்டு, அழுத்தம் ஏறி, மறுபடி எழுப்பிவிடுகிறது. ஓட்டை இல்லாவிட்டால் கம்பம் மாதிரி நிற்பான். விழுவதால்தான் ஆடுகிறான்!

2023 பொங்கலுக்கு அப்பா சென்னை வந்தார். வயது எழுபத்தைந்து. கடையை மூடியாகிவிட்டது. ஆனால் சட்டைப் பையில் ஊசியும் நூல்கண்டும் இருக்கும். மூக்குக் கண்ணாடி இல்லாமல் வருவார், ஊசி இல்லாமல் வரமாட்டார். அதே வேளச்சேரி ரோடு. நம் ஆளுக்கு ஒரு அக்குள் கிழிந்து, ஒரு கை மட்டும் தூக்க முடியாமல் ‘படபட’வென்று அடித்துக்கொண்டிருந்தது. பக்கவாதம் வந்தவன் ஆடுகிற மாதிரி இருந்தது பார்க்க.

அப்பா நின்றுவிட்டார். என்னைத் திரும்பிப் பார்த்தார். “மீட்டர் ஓடுது” என்று சொல்வேனோ என்று பார்த்த பார்வை. நாங்கள் நடந்துதான் போய்க்கொண்டிருந்தோம். இருந்தாலும் அந்தப் பார்வை.

நான் கடைக்குள் போனேன். “சார், ஃபேனைக் கொஞ்சம் ஆஃப் பண்ணுங்க. எங்கப்பா டெய்லர். தைச்சுக் கொடுப்பார்” என்றேன்.

ரொம்பச் சுலபமாக வாயில் வந்தது. இருபது வருஷம் இதற்கா பயந்தேன்!

ஃபேன் நின்றது. இருபதடி ஆள் பெருமூச்சு விட்டு, எங்கள் மேலேயே சரிந்து விழுந்தான். அப்பா பிளாட்பாரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஊசியில் நூல் கோக்க இரண்டு தடவை முயன்றார். முடியவில்லை. என்னிடம் நீட்டினார். கோத்துக் கொடுத்தேன்.

“இழுத்துப் பிடிடா. தொய்வா இருந்தா தையல் கோணும்.”

பிடித்தேன். போகிறவர்கள் வருகிறவர்கள் பார்த்தார்கள். எங்கள் டீமில் வேலை பார்க்கிற பையன் ஒருவன் பைக்கை நிறுத்தி, “என்ன சார் இது?” என்றான். “அப்பா” என்றேன். அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. இறங்கி வந்து அவனும் ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டான்.

கிழிசலை உள்ளே மடித்து, இரட்டைத் தையல். பல்லால் நூலைக் கடித்து அறுத்தார். “இது ஓடிக்கிட்டே இருக்கிற காத்து. ஊசி ஓட்டை ஒண்ணும் பண்ணாது. அமெரிக்காக்காரன் மாதிரி ஒட்ட வேண்டியதில்லை” என்றார், மேனேஜருக்கும் சேர்த்து.

ஃபேன் போட்டார்கள். ஆள் புஸ்ஸென்று எழுந்தான். கிழிந்த கை தயங்கித் தயங்கி மேலே போய், பட்டென்று விரிந்தது. அப்பா அண்ணாந்து, தைத்த இடத்தை மட்டும் பார்த்தார்.

மேனேஜர் ஐம்பது ரூபாயை நீட்டினார். நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அப்பா வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

“கூலிடா. தைச்சா வாங்கணும்” என்றார்.

அந்தப் பணத்தில் இரண்டு பேரும் ஆளுக்கொரு காபி சாப்பிட்டோம். பத்து ரூபாய் குறைந்தது. நான் போட்டேன்.